ஒரே கோப்புக்கு இரண்டு முழுப்பாதைகள்

நான் படிக்கும் மூல நிரல்களுக்கு ஓரக்குறிப்பு எழுதி வைக்கும் வழக்கம் எனக்கு நெடுநாளாக உண்டு. கோப்பைத் தொடாமல், குறிப்புகளைத் தனியாக ஒரு பட்டியலில் சேர்த்து வைத்து, அந்தக் கோப்பை விம் உரைத்தொகுப்பியில் திறக்கும்போதெல்லாம் அவற்றைப் பக்கத்துச் சாளரத்தில் காட்டும்படி ஒரு சிறு நிரலை நானே எழுதிப் பயன்படுத்தி வருகிறேன். எந்தக் குறிப்பு எந்தக் கோப்புக்குரியது என்பதை அந்த நிரல் கோப்பின் முழுப்பாதையைக் கொண்டு அறிகிறது. கட்டளை வரியில் நான் தட்டிய பெயரை எடுத்து, விம் தரும் 'எஃப்நேம்மாடிஃபை' என்னும் செயல்கூற்றிடம் கொடுத்து, அது திருப்பித் தரும் முழுப்பாதையைச் சாவியாக வைத்துப் பட்டியலில் தேடும். இந்த ஏற்பாட்டில் தவறு நேர இடமில்லை என்றே எண்ணியிருந்தேன்.

ஒரு நாள் காலையில், இரண்டு வாரங்களாகப் படித்துக் குறிப்பெழுதிக் கொண்டிருந்த ஒரு கோப்பைத் திறந்தபோது பக்கத்துச் சாளரம் வெறுமையாக இருந்தது. குறிப்புகள் அழிந்துவிட்டன என்று பதறிப் பட்டியலைத் திறந்து பார்த்தேன். அவை ஒன்றுகூடக் குறையாமல் அங்கேயே இருந்தன; ஆனால் வேறொரு பாதையின் கீழ் இருந்தன. அதே கோப்பு, அதே செயல்கூறு, அதே இயந்திரம். முந்தின நாள் வரை ஒரு முழுப்பாதையும் அன்று காலையில் இன்னொரு முழுப்பாதையும் கிடைத்திருந்தன. இந்த ஒரு முரண்பாட்டைப் பற்றி என்னுடன் பணிபுரியும் நண்பர் ஒருவரோடு பல மாலைகள் வாதிட்டேன். அந்த வாதத்தில் நான் கற்றுக்கொண்டதையும், இன்னும் ஒப்புக்கொள்ளாததையும் எழுதி வைக்கவே இந்தக் கட்டுரை.

முதலில் ஒரு விளக்கம். கட்டுரையில் வரும் பாதைகளைத் தமிழ்ப் பெயர்களாலேயே எழுதியிருக்கிறேன். யுனிக்ஸ் வழிவந்த அமைப்புகளில் சாய்கோட்டையும் சுழிய பைட்டையும் தவிர எந்த எழுத்தும் கோப்பின் பெயரில் வரலாம் என்பதால் இவை உண்மையிலேயே செல்லுபடியாகும் பெயர்கள்தாம். விம்மில் கோப்புப் பெயருக்குப் பின்னே முக்காற்புள்ளியும் ஓரெழுத்தும் சேர்த்து அந்தப் பெயரை மாற்றிக் கேட்கும் முறை உண்டு. முழுப்பாதை வேண்டுமென்றால் ':பி', கடைசிக் கூறை நீக்கிய தலைப்பகுதி வேண்டுமென்றால் ':எச்', கடைசிக் கூறு மட்டும் வேண்டுமென்றால் ':டி', இப்படிப் போகும். ':எச்', ':டி' போன்றவை பில் ஜாய் எழுதிய சி ஷெல் என்னும் கட்டளை ஓட்டில் 1970களின் இறுதியிலேயே இருந்தவை. வி தொகுப்பியை எழுதியவரும் அவரே. வி தொகுப்பியை அடியொற்றி பிராம் மூலேனார் உருவாக்கி 1991-இல் அமிகா கணினிக்காக முதன்முதலில் வெளியிட்டது விம். அந்த ஓரெழுத்துச் சுருக்கங்கள் இன்று வரை மாறாமல் வந்திருக்கின்றன.

என் இயந்திரத்தில் '/வீடு' என்பது என் முகப்புக் கோப்புறை. அதற்குள் இருக்கும் 'மூலம்' என்பது உண்மையான கோப்புறை அன்று. முதல் வட்டில் இடம் போதாமல் நான் இரண்டாவது வட்டுக்கு மாற்றிய '/தரவு/மூலம்' என்னும் கோப்புறையைச் சுட்டும் குறியீட்டு இணைப்பு. முகப்புக் கோப்புறையில் நின்றுகொண்டு 'மூலம்/வாசி' என்று, நிற்கும் இடத்திலிருந்து தொடங்கும் சார்புப் பாதையாகக் கொடுத்து ':பி' கேட்டால் கிடைப்பது '/தரவு/மூலம்/வாசி'. அதையே '/வீடு/மூலம்/வாசி' என்று முழுதாகத் தட்டி ':பி' கேட்டால் கிடைப்பது, நான் கொடுத்த '/வீடு/மூலம்/வாசி'யே, ஓரெழுத்தும் மாறாமல். இரண்டு வாரங்களாக நான் முகப்பிலிருந்து சார்புப் பாதையாலேயே கோப்பைத் திறந்து வந்தேன். அன்று காலை வேறொரு கோப்புறையில் இருந்ததால் முழுப்பாதையைத் தட்டினேன். குறிப்புகள் மறைந்ததற்குக் காரணம் அவ்வளவுதான்.

இதைவிட வியப்பான ஒன்று பிறகு தெரிந்தது. '/வீடு/./மூலம்/வாசி' என்று நடுவில் ஒரு புள்ளியைச் செருகிக் கேட்டால் விடை மறுபடியும் '/தரவு/மூலம்/வாசி' ஆகிவிடுகிறது. ஒற்றைப் புள்ளிக்குப் பாதையில் 'இதே இடம்' என்பதைத் தவிர வேறு பொருள் கிடையாது. எதையும் சொல்லாத ஒரு கூறைச் சேர்த்தால் விடை வேறொரு வட்டுக்குத் தாவுகிறது என்பதைக் கண்டபோது, இது வழுவேதான் என்று முடிவு கட்டிவிட்டேன். உதவிப் பக்கத்தைத் திறந்து பார்த்தால், ':பி' பெயரை முழுப்பாதையாக ஆக்கும், அலைக்குறியை முகப்புக் கோப்புறையாக விரிக்கும், பெயர் ஒரு கோப்புறைக்குரியதாக இருந்தால் இறுதியில் ஒரு சாய்கோட்டைச் சேர்க்கும் என்றெல்லாம் இருக்கிறது. குறியீட்டு இணைப்பு என்ற பேச்சே அந்தப் பத்தியில் இல்லை.

நண்பரிடம் இதைக் காட்டியபோது அவர் சற்றும் அசையவில்லை. "முழுப்பாதை தருகிறேன் என்று சொல்லியிருக்கிறது, தந்திருக்கிறது. இரண்டுமே முழுப்பாதைகள்தாமே? இரண்டையும் திறந்தால் அதே கோப்புதானே வருகிறது? எந்த வாக்குறுதி மீறப்பட்டது என்று சொல்லுங்கள்" என்றார். அவர் பல ஆண்டுகள் நூலக நிரல்களைப் பராமரித்தவர். எழுதப்படாத ஒன்றை வாக்குறுதியாக எடுத்துக்கொண்டு வந்து நிற்பவர்களால் துன்பப்பட்டவர். ஆகையால் அவர் பேச்சில் ஓர் அனுபவத்தின் கனம் இருந்தது. ஒரே கேள்விக்கு இரண்டு விடை சொல்வது தவறில்லையா என்று நான் கேட்டதற்கு, நான் கேட்டது ஒரே கேள்வி அன்று, இரண்டு வெவ்வேறு எழுத்துச் சரங்கள் என்று பதில் சொன்னார். அந்தப் பதில் அன்றைக்கு எனக்கு வெறும் சொல்விளையாட்டாகப் பட்டது.

வாதம் அந்த இடத்திலேயே நின்றுவிடாமல் இருந்ததற்குக் காரணம், இருவரும் சேர்ந்து மூல நிரலைப் படிக்க உட்கார்ந்ததுதான். ஒரு சார்புப் பாதையை விம் யுனிக்ஸில் எப்படி முழுப்பாதையாக்குகிறது என்பதைப் படித்தபோது நான் எதிர்பார்த்தது, நடப்புக் கோப்புறையின் பெயரையும் கொடுத்த பெயரையும் ஒட்டி, நடுவே வரும் புள்ளிகளைத் துடைத்துவிடும் ஒரு சரவேலையை. அங்கே இருந்தது முற்றிலும் வேறு. கொடுத்த பெயரில் கோப்புறைப் பகுதி ஒன்று இருந்தால், தொகுப்பி தன் நடப்புக் கோப்புறையை விட்டு உண்மையிலேயே அந்தக் கோப்புறைக்குள் ஒரு கணம் நுழைகிறது. நுழைந்தபின் 'நான் இப்போது எங்கே இருக்கிறேன்' என்று இயங்குதளத்தைக் கேட்கிறது. கிடைத்த விடையைக் குறித்துக்கொண்டு, கிளம்பிய இடத்துக்கே திரும்பி வந்துவிடுகிறது. ஒரு படி மேலே உள்ள கோப்புறையைக் குறிக்கும் இரட்டைப் புள்ளிகள் ('..') உள்ள பாதைகளுக்குச் சரியான பெயர் கிடைப்பதற்காகவே இப்படிச் செய்வதாக அங்கே குறிப்பும் எழுதியிருக்கிறது. இயங்குதளம் தரும் விடை குறியீட்டு இணைப்புகள் எல்லாம் நீங்கிய உண்மைப் பாதை. எனவே 'மூலம்' வழியாக உள்ளே போன தொகுப்பிக்கு, தான் நிற்கும் இடம் '/தரவு/மூலம்' என்றுதான் தெரியும். எந்தக் கதவு வழியாக வந்தோம் என்பது அதற்குத் தெரியாது.

திரும்பி வருவதற்கும் அந்த நிரலில் ஒரு கவனம் இருக்கிறது. பெயரைக் கொண்டு திரும்புவதைவிட, கிளம்பும் முன்பே அந்தக் கோப்புறையைத் திறந்து வைத்துக்கொண்டு அந்தப் பிடியின் வழியாகத் திரும்புவதே விரைவானது, நம்பகமானது என்று சொல்லப்படுவதாகவும், ஆனால் சன் ஓஎஸ் 4 என்னும் பழைய இயங்குதளத்தில் அது வேலை செய்யாமல் போகலாம் என்பதால் அங்கேயே ஒரு முறை செய்து சோதித்துக்கொள்வதாகவும் ஒரு குறிப்பு. சன் ஓஎஸ் 4 இயந்திரம் ஒன்றைக்கூட நான் கண்டதில்லை. ஆனாலும், எங்கோ ஓர் இயந்திரத்தில் யாரோ ஒருவருடைய தொகுப்பி வெளியே போய் வழிதெரியாமல் நின்றுவிடக் கூடாது என்ற அக்கறை அந்த இரண்டு வரிகளில் இருப்பதைப் படித்தபோது, இதை எழுதியவர்கள் என் சிக்கலைக் கவனிக்காமல் விட்டவர்கள் என்று நினைக்க எனக்கு மனம் வரவில்லை.

கொடுத்த பெயர் ஏற்கெனவே முழுப்பாதையாக இருந்து, அதில் புள்ளிக் கூறுகள் எதுவும் இல்லாவிட்டால், இந்தப் பயணமே தேவையில்லை என்று நிரல் அதை அப்படியே விட்டுவிடுகிறது. புள்ளிக் கூறு ஒன்று இருந்தால் மட்டும், அதை நீக்குவதற்காக, முழுப்பாதையாக இருந்தாலும் பயணத்தைக் கட்டாயப்படுத்துகிறது. ஆகவே நான் செருகிய ஒற்றைப் புள்ளி பொருளற்றதாக இருந்தாலும், உள்ளே போய்ப் பார்த்து வரச் சொல்லும் கட்டளையாக அது மாறிவிட்டது. மூன்று விடைகளும் ஒரே விதியிலிருந்து பிறந்தவை என்பது தெளிவானதும், என் சினத்தில் பாதி தணிந்துவிட்டது.

மீதிப் பாதியைத் தணித்தது நண்பர் கேட்ட ஒரு கேள்வி. "சரி, நீங்கள் எழுதியிருந்தால் எப்படி எழுதியிருப்பீர்கள்?" என்றார். சரத்தை ஒட்டி, '..' வரும் இடத்தில் முந்தைய கூறைச் சேர்த்து அடித்துவிடுவேன் என்றேன். அவர் தாளில் '/வீடு/மூலம்/../பட்டியல்' என்று எழுதி, இந்தப் பெயரை இயங்குதளத்திடம் கொடுத்தால் எந்தக் கோப்பு திறக்கும் என்று கேட்டார். இயங்குதளம் 'மூலம்' என்னும் இணைப்பைப் பின்பற்றி '/தரவு/மூலம்' போகும். அங்கிருந்து ஒரு படி மேலேறி '/தரவு' வரும். ஆகவே திறப்பது '/தரவு/பட்டியல்'. நான் எழுதியிருக்கக்கூடிய நிரலோ '/வீடு/பட்டியல்' என்று சொல்லியிருக்கும். அது வேறு கோப்பு. நான் விரும்பிய அந்த நேர்த்தியான செயல்கூறு, யாரோ ஒருவருடைய தவறான கோப்பின் மேல் அமைதியாக எழுதிவிட்டுப் போயிருக்கும்.

இந்த வழியைத் தேர்ந்தெடுத்த தொகுப்பியும் உண்டு. ஈமாக்ஸில் பாதையை விரிக்கும் 'எக்ஸ்பேண்ட் ஃபைல் நேம்' என்னும் செயல்கூறு வட்டைத் தொடாமல், எழுத்தை மட்டும் பார்த்தே '..' கூறுகளை நீக்குகிறது. ஆனால் அதன் கையேடு இதை மறைக்கவில்லை. '/டிஎம்பி' கோப்புறைக்குள் ஓர் இணைப்பை எடுத்துக்காட்டாக வைத்து, இந்தச் செயல்கூறு தரும் விடையும், இணைப்புகளைப் பின்பற்றும் 'ஃபைல் ட்ரூ நேம்' தரும் விடையும் எப்படி வேறுபடும் என்பதை இரண்டு வரிகளில் அருகருகே காட்டுகிறது. வேரடிக் கோப்புறையிலிருந்து ஒரு படி மேலே போகச் சொன்னால் '/' என்று வராமல் '/..' என்று வரும் என்பதையும், தொழில்நுட்பக் காரணங்களால் சரியானதாயினும் எதிர்பாராத விடை கிடைக்கலாம் என்று சொல்லி அந்தச் செயல்கூற்றோடு வரும் உதவிக் குறிப்பு எச்சரிக்கிறது. அந்தத் தொழில்நுட்பக் காரணம் என்ன என்பது மூல நிரலில் இருக்கிறது: சில கோப்பு முறைமைகளில் வேருக்கும் மேலே 'மேல்வேர்' ஒன்று உண்டு என்பதால் '/..' என்பதை அடித்துவிடக் கூடாது. நியூகாசில் பல்கலைக்கழகத்தினர் 1982-இல் விவரித்த 'நியூகாசில் கனெக்ஷன்' இப்படித்தான் இயங்கியது, '/..' என்று வேருக்கு மேலே ஏறினால் வலையில் இணைந்த வேறொரு யுனிக்ஸ் இயந்திரத்துக்குள் இறங்கலாம். என் மேசையில் இருக்கும் எந்த இயந்திரத்திலும் மேல்வேர் கிடையாது. ஆனாலும் விடை ஏன் அப்படி இருக்கிறது என்பதைத் தேடிப்போகும் ஒருவருக்கு, ஆவணத்தில் எச்சரிக்கையும் நிரலில் காரணமும் காத்திருக்கின்றன. ஈமாக்ஸின் வழியை நான் ஏற்கவில்லை. அதைச் சொல்லிவிட்டுச் செய்கிறது என்பதை மதிக்கிறேன்.

விம்மிலும் வட்டைப் பார்த்துப் பார்த்து நடக்கும் இன்னொரு செயல்கூறு உண்டு. 'சிம்ப்ளிஃபை' பாதையைப் பொருள் மாறாமல் சுருக்கும். '..' கூறுக்கு முன்னே இருக்கும் பெயர் உள்ளே நுழையத்தக்க கோப்புறையாக இருந்தால் அல்லது அப்படியொன்று இல்லவே இல்லாவிட்டால் மட்டுமே அந்த இணையை அது நீக்கும் என்பதும், இணைப்புகளைத் தீர்க்க வேண்டுமென்றால் 'ரிசால்வ்' செயல்கூற்றைப் பயன்படுத்த வேண்டும் என்பதும் அதன் உதவிக் குறிப்பிலேயே இருக்கின்றன. சுற்றிச் சுற்றி ஒன்றையொன்று சுட்டும் இணைப்புகளில் சிக்கிவிடாமலிருக்க, 'ரிசால்வ்' 100 சுற்றுகளுக்குப் பின் நின்றுவிடும் என்பது வரை எழுதியிருக்கிறார்கள். இவ்வளவு நுணுக்கமாக ஆவணப்படுத்தத் தெரிந்தவர்கள், எல்லோரும் அன்றாடம் பயன்படுத்தும் ':பி' விஷயத்தில் இணைப்புகளைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல் விட்டிருப்பதுதான் என் குறை. இதற்குள் நான் வழு என்ற வாதத்தைக் கைவிட்டிருந்தேன். ஆவணம் குறைபட்டது என்ற வாதத்தைக் கைவிடவில்லை.

நண்பர் இதையும் எளிதில் ஒப்பவில்லை, அவர் சொன்ன காரணம் வலுவானது. நடத்தையை ஆவணத்தில் எழுதுவது வெறும் விவரிப்பு ஆகாது; அது எதிர்காலத்தின் மேல் போடும் பூட்டு. கோப்புறைக்குள் போய்வரும் இந்த முறையை நாளைக்கு யாராவது மேம்படுத்தி, இயங்குதளத்தின் வேறொரு அழைப்பைக் கொண்டு அதே வேலையைச் செய்ய விரும்பலாம். அப்போது முழுப்பாதைகளும் இணைப்பு நீங்கி வரக்கூடும், அல்லது எதுவுமே நீங்காமல் வரக்கூடும். ஆவணம் மௌனமாக இருந்தால் அவர்களுக்கு அந்த உரிமை உண்டு. 'சார்புப் பாதைகளில் மட்டும் இணைப்புகள் தீர்க்கப்படும்' என்று எழுதிவிட்டால், தற்செயலாக அமைந்த ஒன்று என்றென்றைக்கும் காக்க வேண்டிய ஒப்பந்தமாகிவிடும். "உங்களுக்குத் தெரியாமல் போனதற்காக அவர்கள் கையைக் கட்டச் சொல்கிறீர்கள்" என்றார்.

இதற்கு விடை தேடும்போதுதான் ':எச்' நினைவுக்கு வந்தது. கோப்பின் பெயர் வெறும் 'வாசி' என்று இருந்தால், அதன் தலைப்பகுதி எது? உதவிப் பக்கத்தில் ':எச்' பற்றிய பத்தியில் நான் நெடுநாளாகப் படித்து வந்த வாக்கியம், தலைப்பகுதி இல்லாவிட்டால் விடை வெற்றுச் சரம் என்கிறது. கேட்டுப் பார்த்தால் வருவது வெற்றுச் சரம் அன்று, ஒற்றைப் புள்ளி. மூல நிரலில் காரணம் ஒரு வரியில் இருக்கிறது: விடை வெறுமையாக வந்தால், நடப்புக் கோப்பின் கோப்புறைக்கு மாறும் கட்டளை வேலை செய்யாது, அதனால் புள்ளியாக மாற்றுகிறோம் என்று. யுனிக்ஸில் கோப்புறை மாற்றும் கட்டளைக்கு எதுவும் கொடுக்காவிட்டால் அது முகப்புக் கோப்புறைக்குப் போய்விடும். ஆகவே ஆவணம் சொல்வதுபோல் வெற்றுச் சரம் வந்திருந்தால், பக்கத்தில் இருக்கும் கோப்புகளைப் பார்க்க நினைத்தவர் எந்தப் பிழைச்செய்தியும் இல்லாமல் தன் முகப்பில் போய் விழுந்திருப்பார். அந்த ஒற்றைப் புள்ளி பலரைக் காத்து வந்திருக்கிறது.

வெறும் பெயருக்குத் தலைப்பகுதி எது என்ற கேள்விக்கு உலகம் ஒரே விடை சொல்வதில்லை. யுனிக்ஸ் வகை அமைப்புகளுக்கான பாசிக்ஸ் தரம் வகுக்கும் 'டிர்நேம்' கட்டளை புள்ளி தருகிறது; கோ மொழியும் புள்ளி தருகிறது. பைத்தானின் பழைய பாதைச் செயல்கூறு வெற்றுச் சரம் தருகிறது, அதே பைத்தானின் 'பாத்லிப்' புள்ளி தருகிறது. ஈமாக்ஸ் சரமே தராமல் 'நில்', அதாவது ஒன்றுமில்லை, என்று சொல்லிவிடுகிறது. பைத்தானின் வெற்றுச் சரத்தை அப்படியே எடுத்துக் கோப்புறை உருவாக்கும் செயல்கூற்றிடம் கொடுத்து, அப்படியொரு கோப்போ கோப்புறையோ இல்லை என்ற பிழையை வாங்கிக்கொண்டவர்கள் என்னைச் சுற்றியே பலர் இருக்கிறார்கள். எனவே இந்த விடையை ஊகித்துத் தெரிந்துகொள்ள வழியில்லை. ஆவணம்தான் சொல்ல வேண்டும்.

விம் இதில் பிற்பாடு செய்தது என் வாதத்துக்குத் துணை நிற்கிறது. 'எஃப்நேம்மாடிஃபை' பற்றிய குறிப்பில், பெயர் வெற்றுச் சரமாகவே இருந்தாலும் ':எச்' புள்ளி தரும், கோப்புறை மாற்றும் கட்டளையோடு பயன்படுத்துவதற்காக அப்படி இருக்கிறது, பெயரில்லாத பக்கத்தில் 'எக்ஸ்பேண்ட்' என்னும் இன்னொரு செயல்கூறு வெற்றுச் சரம் தருவதிலிருந்து இது வேறுபட்டது என்று சேர்த்திருக்கிறார்கள். நிரலின் மூலையில் ஒரு குறிப்பாக இருந்த காரணம் ஆவணத்துக்குள் வந்துவிட்டது. அதனால் யாருடைய கையும் கட்டப்பட்டதாக எனக்குத் தோன்றவில்லை. அந்த நடத்தையைச் சார்ந்து எண்ணற்ற அமைப்புக் கோப்புகள் எழுதப்பட்டுவிட்ட பிறகு, கை எப்போதோ கட்டப்பட்டாயிற்று. ஆவணம் அந்த உண்மையை ஒப்புக்கொண்டது, அவ்வளவே. நண்பர் இதைக் கேட்டு, ':எச்' விஷயத்தில் ஆவணம் தவறாகச் சொன்னது, ':பி' விஷயத்தில் எதுவும் சொல்லவில்லை, தவறைத் திருத்துவதும் மௌனத்தைக் கலைப்பதும் ஒன்றாகா என்றார். அந்த வேறுபாடு உண்மையானது. அதைக் கேட்டபின்தான், ':பி' உண்மையிலேயே மௌனமாகத்தான் இருக்கிறதா என்று உதவிப் பக்கத்தை மறுபடியும் நிதானமாகப் படித்தேன்.

மௌனமாக இல்லை. முதல் வாசிப்பில் நான் தாண்டிப்போன ஒரு வாக்கியம் அங்கே இருந்தது: இல்லாத ஒரு கோப்பின் பெயரை முழுப்பாதையாக அல்லாமல் கொடுத்தால், விடை முன்கூட்டிச் சொல்ல முடியாதது. இந்தச் சொல் என்னை இன்றும் உறுத்துகிறது. ஏனென்றால் நிரலைப் படித்தவருக்கு அந்த விடை முற்றிலும் முன்கூட்டிச் சொல்லக்கூடியது. கோப்புறைக்குள் நுழைய முடிந்தால் உண்மைப் பாதை வரும். அப்படியொரு கோப்புறை இன்னும் இல்லையென்றால், நடப்புக் கோப்புறையின் பெயரோடு கொடுத்த பெயர் அப்படியே ஒட்டப்படும், அதிலுள்ள இரட்டைப் புள்ளிகள் நீங்காமலே. இதில் தற்செயல் எதுவும் இல்லை. முன்கூட்டிச் சொல்ல முடியாதவர், நிரலைப் படிக்காமல் ஆவணத்தை மட்டும் படிப்பவர். அதாவது, யாருக்காக ஆவணம் எழுதப்பட்டதோ அவர்.

அந்த வாக்கியத்துக்குள் மறைந்திருக்கும் ஒரு பொறியை நான் வேறொரு நிரலில் ஏற்கெனவே மிதித்திருந்தேன், அப்போது காரணம் தெரியாமல். 'வெளியீடு' என்ற கோப்புறையை உருவாக்கி அதில் கோப்புகளை எழுதும் நிரல் அது. ':பி' கேட்டு, அதன்மேல் ':எச்' கேட்டால், கோப்புறை உருவாவதற்கு முன்பு கிடைப்பது '/வீடு'. உருவான பிறகு கிடைப்பது '/வீடு/வெளியீடு'. கோப்புறை இருந்தால் ':பி' இறுதியில் சாய்கோடு சேர்க்கிறது, ':எச்' அந்தச் சாய்கோட்டை மட்டும் நீக்குகிறது. கோப்புறை இல்லாவிட்டால் சாய்கோடு சேராது, எனவே ':எச்' பெயரையே நீக்கிவிடுகிறது. முதல் முறை ஓடும்போது ஓரிடத்திலும் இரண்டாம் முறை ஓடும்போது இன்னோரிடத்திலும் கோப்புகள் விழுந்ததற்கு இதுவே காரணம். ஒவ்வொரு படியும் ஆவணத்தில் தனித்தனியாக இருக்கிறது. ஒரே கோவை வட்டின் நிலைக்கேற்ப வெவ்வேறு விடை தரும் என்ற முடிவை மட்டும் படிப்பவர்தான் கூட்டிக் கண்டுபிடிக்க வேண்டும்.

இங்கேதான் நண்பருக்கும் எனக்கும் இடையிலான வேறுபாட்டை நான் சரியாகச் சொல்லக் கற்றேன். ஒரு செயல்கூறு தன் வேலையை எப்படிச் செய்கிறது என்பதை ஆவணம் சொல்லாமல் விடலாம். அந்த மௌனம் பராமரிப்பவரின் உரிமை, அதை அவரிடமிருந்து பறிக்க நான் விரும்பவில்லை. ஆனால் படிப்பவர் எந்தக் கேள்விக்கு விடையாக அதை எடுத்துக்கொள்ளக்கூடும் என்பது எழுதுபவருக்குத் தெரிந்திருந்தும், அந்தக் கேள்விக்கு இது விடையன்று என்று சொல்லாமல் விடுவது வேறுவகை மௌனம். ':பி' விடை சொல்லும் கேள்வி, 'இந்தக் கோப்பை எங்கிருந்தாலும் திறக்க எந்தப் பெயரைப் பயன்படுத்தலாம்' என்பது. நான் கேட்க நினைத்த கேள்வி, 'இது அன்று திறந்த அதே கோப்புதானா' என்பது. முழுப்பாதை என்ற சொல்லைக் கேட்டவுடன் பெரும்பாலோர் இரண்டாவது கேள்விக்கும் விடை கிடைத்துவிட்டதாகவே எண்ணுவார்கள். நானும் அப்படித்தான் எண்ணினேன். அந்த எண்ணத்தைத் தடுக்கும் ஒரு வாக்கியம் எந்தப் பூட்டையும் போடாது. அது நடத்தையை விவரிக்கவில்லை. நடத்தையை நம்பாதே என்று சொல்கிறது. நாளைக்கு உள்வேலை எப்படி மாறினாலும் அந்த வாக்கியம் பொய்யாகாது.

நண்பர் இதை ஏற்றுக்கொண்டார், முழுமையாக அல்ல. அப்படியானால் வாக்கியத்தை எழுதிக் காட்டுங்கள் என்றார். எங்கள் குழுவின் நிரல் வழிகாட்டிக் குறிப்பேட்டில் சேர்ப்பதற்காக நான் எழுதியது இது: "':பி' தரும் முழுப்பாதையைக் கொண்டு இரண்டு பெயர்கள் ஒரே கோப்பைச் சுட்டுகின்றனவா என்று ஒப்பிடக் கூடாது, சார்புப் பாதையிலுள்ள குறியீட்டு இணைப்புகள் தீர்க்கப்படும், முழுப்பாதையில் உள்ளவை தீர்க்கப்படாமல் இருக்கும், ஒப்பிடுவதற்கு முன் விடையை 'ரிசால்வ்' வழியாக அனுப்பி, இறுதிச் சாய்கோட்டையும் நீக்கவும்." கடைசிப் பகுதி தேவையற்றதாகத் தோன்றலாம், ஆனால் 'ரிசால்வ்' இறுதிச் சாய்கோட்டை விட்டு வைக்கும் என்பதை அதன் ஆவணமே சொல்கிறது, அதனால் கோப்புறைகளுக்கு அப்போதும் இரண்டு சாவிகள் உண்டாகும்.

அவர் பேனாவை எடுத்து நடுப்பகுதியில் 'தீர்க்கப்படும்' என்பதை அடித்து 'தீர்க்கப்படலாம்' என்று எழுதினார். இன்றைக்கு நடப்பது உறுதியாகத் தெரிந்திருக்கும்போது 'லாம்' எதற்கு என்று கேட்டேன். உதவிப் பக்கத்தில் நான் வெறுத்த அந்தச் சொல்லுக்கு இதுவும் உடன்பிறப்புத்தானே என்றேன். நம் குறிப்பேட்டைப் படித்துவிட்டு, சார்புப் பாதை கொடுத்தாலே இணைப்பு நீங்கிவிடும் என்று நம்பி ஒருவர் நிரல் எழுதிவிட்டால் அவருக்கு நாம்தான் பொறுப்பு என்றார் அவர். நடுப்பகுதி முழுவதையும் எடுத்துவிட்டால் சிக்கல் தீரும் என்பது இருவருக்கும் தெரியும். ஆனால் என் இரண்டு வாரக் குறிப்புகள் மறைந்த காரணம் அந்த நடுப்பகுதியில்தான் இருக்கிறது. காரணம் சொல்லாத எச்சரிக்கையை அவசரத்தில் இருப்பவர் தாண்டிப் போய்விடுவார் என்பது என் கருத்து, நானே தாண்டிப் போனவன் என்பதால்.

என் நிரலைத் திருத்திவிட்டேன். பட்டியலில் இருந்த எல்லாச் சாவிகளையும் 'ரிசால்வ்' வழியாக அனுப்பியபோது, இரண்டு பெயர்களில் பிரிந்து கிடந்த கோப்புகள் வேறு சிலவும் ஒன்று சேர்ந்தன. அவற்றில் சிலவற்றில் ஒரே வரிக்கு இரண்டு முறை, வெவ்வேறு மாதங்களில், ஏறக்குறைய ஒரே குறிப்பை எழுதியிருக்கிறேன். குறிப்பேட்டில் அந்த வாக்கியம் அடித்தலோடும் திருத்தத்தோடும் இரண்டு சொற்களையும் சுமந்தபடி இருக்கிறது. அடுத்த முறை குறிப்பேட்டைச் செம்மை செய்யும்போது அதைப் பற்றிப் பேசி முடிப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறோம்.